கிறிஸ்துமஸ் தட்டுக்குக் கடன் வேண்டாம்



தீபாவளிப் பலகார டின்கள் காலியாகிவிட்டன. அடுத்து வருவது கிறிஸ்துமஸ் பெருநாள். டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்தவக் குடும்பங்களின் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கத் தொடங்கும். பிள்ளைகள் காய்ந்த லாலான் புல்லைச் சேர்த்துக்கொண்டு வந்து பாலன் குடில் கட்டுவார்கள். அதே நேரத்தில் அந்த வீட்டுத் தாயின் மனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"தீபாவளிக்கு எட்டு வீட்டிலேருந்து தட்டு வந்துச்சு. பெருநாளுக்கு நாம என்னா கொடுக்கறது?"

இந்தக் கேள்வி சிறியதல்ல. தோட்டத்தில் ஒரு தட்டு வந்தால் அதை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. வீட்டில் வேறு ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள் நம் பாட்டிமார். தீபாவளிக்கு இந்து வீட்டு முறுக்கும் அதிரசமும் கிறிஸ்தவ வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து தட்டு இங்கே வரும். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர்களும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டித் தட்டு கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் இப்போதெல்லாம் அந்தத் தட்டில் கடைச் சாமான் ஏறிவிட்டது. டின் பிஸ்கட், சாக்லெட் பெட்டி, பளபளக்கும் காகிதம் சுற்றிய கூடை என்று பழகிவிட்டோம். பத்து வீட்டுக்குப் பத்து டின் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அதைக் கையில் காசு கொடுத்து வாங்குவதில்லை. கடைக் கணக்குப் புத்தகத்தில் எழுதித்தான் வாங்குகிறார்கள். இந்த வாரம் அந்தக் கணக்கு ஏறாமல் பெருநாளைச் சிறப்பாகக் கொண்டாடும் வழியைப் பார்ப்போம்.

மழை மாதச் சம்பளம்

டிசம்பர் மழை மாதம். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையில் வெள்ளமாகவே இறங்கும். மற்ற இடங்களிலும் மழை நாள் கூடும். விடியற்காலையில் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் பால்மரம் சீவ முடியாது. சீவினாலும் பால் கோடு விட்டு வழிந்து வீணாகும், மங்கிலே தண்ணீர் நிற்கும். செம்பனைத் தோட்டத்திலும் குலை வெட்டுவதும் சேறான பாதையில் தள்ளுவண்டி தள்ளுவதும் இரட்டிப்புக் கஷ்டம். வேலை நாளும் எடையும் குறைந்தால் கைக்கு வரும் சம்பளமும் குறையும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனாலும் நான்கு வாய், ஒரு சம்பளம் என்ற வீட்டில் அந்தப் பணம் எத்தனை நாளைக்கு? அதோடு, மார்ச்சுக்குத் தள்ளிப் போயிருந்த பள்ளித் தவணையின் தொடக்கம் 2026-இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பிவிட்டது. பெருநாள் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளைக்குச் சப்பாத்து, சீருடை, பை, புத்தகம் என்று செலவு வரிசையில் நிற்கும். டிசம்பரில் டின் பிஸ்கட்டுக்கு எழுதிய கடன், ஜனவரியில் பிள்ளையின் சப்பாத்துக் காசைத் தின்றுவிடும்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் பெரியவர்கள். கொடுக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை; அளந்து கொடு என்றுதான் சொன்னார்கள். மாவு, சீனி, தேங்காய், கடலை, இந்த நான்கும் வீட்டில் இருந்தால் பத்து வீட்டுக்குத் தட்டு நிரப்பலாம். அவனும் வேண்டாம், மின்சார மிக்சரும் வேண்டாம். ஒரு வாணலியும் ஒரு தட்டையான தட்டும் போதும்.

சீனியும் நாமும்

சீனிக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. பால்மரம் இந்நாட்டில் பரவும் முன்பே நம்மவர் இங்கே வந்துவிட்டார்கள். 1840-களில் வெள்ளைக்காரர்கள் இன்றைய செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் போட்டார்கள். அங்கே கரும்பு வெட்டவும் ஆலையில் சாறு காய்ச்சவும் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் கரும்பு போய் ரப்பர் வந்தது. சீனி காய்ச்சியவர்களின் பேரப்பிள்ளைகள் பால் எடுக்கப் போனார்கள்.

அப்படி வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். பேராக் மாநிலத்தில் பாகான் செராய்க்குப் பக்கத்தில் சூசைபாளையம் என்ற ஊர், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்காகவே உண்டாக்கப்பட்டது. ஊரை அமைத்தவர் ரெனே ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். கோயில் கட்டிக்கொண்ட இந்த மக்கள் பெருநாள் பலகாரத்தை மட்டும் வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கவில்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கலகலாவும் அச்சுமுறுக்கும் நம் அடுப்பிலேயே வேகும் பண்டங்கள்தாம். அவற்றோடு இந்நாட்டு இந்தியர்கள் எல்லாப் பெருநாளுக்கும் செய்யும் தேங்காய் மிட்டாயும், பிள்ளைகளுக்குப் பிடித்த கடலை மிட்டாயும் சேர்ந்தால் தட்டு நிறைந்துவிடும்.

அளவுக்கு ஒரு டின்

தராசு இல்லையே என்று யோசிக்க வேண்டாம். கட்டிப்பால் டின் ஒன்றை மேல்மூடியைச் சுத்தமாக நீக்கிக் கழுவி, விளிம்பைத் தட்டி மழுக்கிக் காயவைத்துக் கொள்ளுங்கள். இனிமேல் அதுதான் படி. பெரிய டின்னாக இருந்தால் ஒரு கிலோ கோதுமை மாவு ஏறக்குறைய நான்கு டின் வரும். ஒரு கிலோ சீனி மூன்று டின். டின் கொஞ்சம் பெரிதோ சிறிதோ, எல்லாவற்றையும் அதே டின்னால் அளந்தால் கணக்குத் தப்பாது.

கலகலா

கோதுமை மாவு 4 டின், பொடித்த சீனி 1 டின், உருக்கிய மார்ஜரின் 3 மேசைக்கரண்டி, கெட்டித் தேங்காய்ப்பால் ஏறக்குறைய 1 டின், உப்பு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் 5.

மாவையும் உப்பையும் சலித்து, சீனியும் ஏலப்பொடியும் கலந்து, மார்ஜரினை ஊற்றி விரல் நுனியால் பிசறுங்கள். மாவைக் கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும். உதிர்த்தால் உதிர வேண்டும். பிறகு தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரே ஊற்றாக ஊற்றினால் மாவு இளகிவிடும். சப்பாத்தி மாவை விடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள்.

பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். இது அவர்கள் வேலை. மாவைக் கோலிக்குண்டு அளவுக்குக் கிள்ளி, முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்டினால் கோடு விழுந்த சிறு சங்கு போல வரும். முள்கரண்டி இல்லாவிட்டால், தலையில் வைக்காத புதுச் சீப்பைக் கொதிநீரில் கழுவி எடுத்துக்கொள்ளலாம். நேரம் இல்லாதவர்கள் மாவைத் தேய்த்துக் கத்தியால் டைமன் வடிவில் வெட்டிவிடலாம்.

எண்ணெய் மிதமாகக் காய வேண்டும். ஒரு துண்டு போட்டால் அடியில் போய், மெதுவாக மேலே எழும்பி வந்தால் பதம். போட்ட உடனே சிவந்தால் சூடு அதிகம். வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும். பொன்னிறத்துக்குச் சற்று முன்பே அரித்து எடுங்கள். எடுத்த பிறகும் அதன் சூட்டில் நிறம் ஏறும். நன்றாக ஆறி டின்னில் போட்டால் இரண்டு வாரம் தாங்கும். டின்னை அசைத்தால் பெயருக்கேற்பக் கலகலக்கும்.

தேங்காய் மிட்டாய்

துருவிய தேங்காய் 4 டின் (முற்றிய காய் இரண்டு மூன்று ஆகும்), சீனி இரண்டரை டின், பசும்பாலோ டின் பாலோ அரை டின், மார்ஜரின் அல்லது நெய் 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் 4, விருப்பமானால் கேசரி நிறமோ ரோஜா நிறமோ ஒரு துளி.

தேங்காயின் வெள்ளையை மட்டும் துருவுங்கள். ஓட்டுப் பக்கத்துப் பழுப்புத் தோல் விழுந்தால் மிட்டாய் அழுக்கு நிறமாகிவிடும். தேங்காய், சீனி, பால், உப்பு எல்லாவற்றையும் கனமான வாணலியில் போட்டு, நடுத்தர நெருப்பில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் தண்ணீராக இளகும். பிறகு நுரைத்துக் கெட்டியாகும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கலவை வாணலியின் ஓரத்தை விட்டு ஒன்றாகத் திரண்டு வரும். ஓரத்தில் வெள்ளையாகச் சீனி பூக்கத் தொடங்கும். அதுதான் இறக்கும் நேரம்.

அந்தப் பூப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீர் வற்ற வற்ற, கரைந்திருந்த சீனி மறுபடியும் மணியாகிறது. அந்த மணிகள்தான் மிட்டாயை இறுக்கிப் பிடிக்கின்றன. அதற்கு முன்னால் இறக்கினால் கையில் ஒட்டும். நேரம் தாழ்த்தினால் பொலபொலவென்று உதிரும். ஒட்டுகிற மிட்டாயைத் திரும்ப வாணலியில் போட்டு ஐந்து நிமிடம் கிளறலாம். உதிர்ந்ததற்கு இரண்டு மூன்று கரண்டி பால் தெளித்துக் கிளறிப் பிடிக்கலாம். எதையும் கொட்ட வேண்டியதில்லை.

மார்ஜரின், ஏலம், நிறம் சேர்த்து, எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, வாழை இலைத் துண்டை மேலே வைத்து உள்ளங்கையால் சமமாக அழுத்துங்கள். சூடு சற்றுத் தணிந்ததும் கத்தியால் கோடு போட்டு, முழுதும் ஆறிய பின் உடைத்து எடுங்கள். சிறு துண்டாகப் போட்டால் அறுபது கிடைக்கும். ஈரத் தேங்காய் என்பதால் நாலைந்து நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

கடலை மிட்டாய்

கடலை 2 டின் (ஏறக்குறைய அரைக் கிலோ), பொடித்த வெல்லம் 1 டின், தண்ணீர் கால் டின்.

கடலையை மிதமான நெருப்பில் வறுத்து, ஆறியதும் துணியில் போட்டுத் தேய்த்துத் தோலைப் புடைத்துவிடுங்கள். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். வெல்லத்தில் மண் இருக்கும். பிறகு பாகு காய்ச்சுங்கள். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு, பாகில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். கரைந்தால் பதமில்லை. மெத்தென்று உருண்டால் இன்னும் கொஞ்சம் காயட்டும். கல்லாக இறுகி, எடுத்துத் தட்டில் போட்டால் 'டிங்' என்று சத்தம் வந்தால் உடனே அடுப்பை அணைத்துக் கடலையைக் கொட்டிக் கிளறுங்கள். எண்ணெய் தடவிய பலகையில் கொட்டி, எண்ணெய் தடவிய கட்டையால் தேய்த்து, சூடாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். ஆறினால் கத்தி இறங்காது.

வெல்லம் கிடைக்காத இடத்தில் சீனியில் செய்யலாம். மலாக்காச் சீனி இளகின இனம். அதன் வாசம் அருமை என்றாலும் இந்த மிட்டாய்க்கு மட்டும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பாகு கொதிநீரை விடச் சூடானது. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். இந்த வேலைக்குப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சுட்டுவிட்டால் பற்பசை, கிச்சாப் எதையும் பூச வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள்.

அச்சுமுறுக்கு

அச்சு வைத்திருப்பவர்கள் இதையும் சேர்க்கலாம். பச்சரிசி மாவு 2 டின், கோதுமை மாவு அரை டின், பொடித்த சீனி முக்கால் டின், முட்டை 2, தேங்காய்ப்பால் 2 டின் அளவில், உப்பு சிறிது, கறுப்பு எள் ஒரு கரண்டி. தோசை மாவை விடச் சற்று நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள். அச்சை எண்ணெயிலேயே வைத்துக் காயவிட்டு, மாவில் முக்கால் அளவுக்கு மட்டும் முக்கி எடுங்கள். மேல் விளிம்பை மாவு மூடினால் பூ கழன்று வராது. எண்ணெயில் வைத்து லேசாக உதறினால் தானே கழன்று விழும். புது அச்சாக இருந்தால் முதல் நாளே எண்ணெயில் ஊறவிட்டுப் பழக்குங்கள்.

இந்த அச்சு நமக்கு மட்டும் சொந்தமல்ல. மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்கு இதே பூவைச் சுட்டுக் குவே ரோஸ் என்கிறார்கள். சீனர்களும் புத்தாண்டுக்குச் செய்கிறார்கள். ஒரே அச்சு எத்தனை பெருநாளுக்கு உதவுகிறது பாருங்கள்! லயத்துக்கு ஒரு அச்சு இருந்தால் போதும். வீட்டுக்கு வீடு வாங்க வேண்டியதில்லை.

ஈரம்தான் எதிரி

மலிவாகச் செய்த பலகாரத்தை மதிப்பில்லாமல் ஆக்குவது விலையல்ல, ஈரம். மழை மாதத்தில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. சீனியும் வெல்லமும் அதை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் மொறுமொறுப்பாக இருந்த கலகலா, திறந்து வைத்தால் மாலையில் நமத்துப் போகும்.

ஆகவே, எதையும் முழுதும் ஆறாமல் மூடாதீர்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாக நின்று மேலே சொட்டும். மைலோ டின், பிஸ்கட் டின், சிவப்பு மூடிப் பிளாஸ்டிக் பாட்டில் எல்லாவற்றையும் கழுவி வெயில் கிடைக்கும் நாளில் காயவைத்துத் தயாராக வையுங்கள். வறுத்த அரிசி ஒரு பிடியைச் சிறு துணியில் முடிந்து டின்னின் அடியில் போட்டால் கொஞ்சம் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். தேங்காய் மிட்டாயை மற்றவற்றோடு ஒரே டின்னில் போடாதீர்கள். அதன் ஈரம் கலகலாவுக்கு ஏறிவிடும்.

கருவாடு பொரித்த எண்ணெயில் பலகாரம் சுடக் கூடாது என்பதை நம் தாய்மாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அடுப்பு வேலைக்கு உதவ வரும் கணவன்மாருக்குச் சொல்லி வைப்பது நல்லது!

எல்லாரும் சாப்பிடும்படி

தட்டு யார் வீட்டுக்குப் போகிறது என்று யோசித்துச் செய்யுங்கள். சைவக் குடும்பங்கள் இருக்கும்; அதனால்தான் மேலே சொன்ன கலகலாவில் முட்டை சேர்க்கவில்லை. முட்டை போட்ட அச்சுமுறுக்கைத் தனியாகக் கட்டி, கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். "அக்கா, இதில முட்டை இருக்கு, பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை போதும்.

மலாய் அண்டை வீட்டாரும், இன்று பல தோட்டங்களில் நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். பெற்ற தாயையும் பிள்ளையையும் விட்டுக் கடல் கடந்து வந்து கிடப்பது என்ன என்று நம் தாத்தாமாருக்குத் தெரியும். ஹலால் முத்திரை உள்ள மார்ஜரினையும் எண்ணெயையும் வாங்குங்கள். பன்றிக் கொழுப்போ மதுவோ படாத, நன்றாகக் கழுவிய பாத்திரத்தில் செய்யுங்கள். அவர்களிடம் அதைச் சொல்லியே கொடுங்கள். கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வார்கள்.

இன்னொன்று, இனிப்பு நீர். 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த நாடு தழுவிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அதிகம். ஆகவே துண்டைச் சிறிதாக வெட்டுங்கள். நோயாளி இருக்கும் வீட்டுக்கு இனிப்பைக் குறைத்து, உப்புப் போட்டு வறுத்த கடலை ஒரு பொட்டலம் சேர்த்து அனுப்புங்கள். கடலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு, கேட்டுக்கொண்டு கொடுங்கள். மெல்லத் தெரியாத சின்னக் குழந்தை கையில் கடலை மிட்டாயைக் கொடுக்கவே வேண்டாம்.

கட்டிக் கொடுக்கும் விதம்

அழகாகக் கட்டக் காசு வேண்டாம். பழைய செய்தித்தாளில் எண்ணெய்ப் பண்டத்தை நேராகச் சுற்றாதீர்கள். அச்சு மை ஒட்டும். உள்ளே எண்ணெய்க் காகிதமோ சுத்தமான பிளாஸ்டிக் பையோ இருக்கட்டும். வெளியே முடிந்துபோகும் ஆண்டின் நாள்காட்டித் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரியச் சுற்றுங்கள். அதிலே பிள்ளைகள் நட்சத்திரம் வரைந்து, வாங்குகிற வீட்டுப் பெரியவரின் பெயரைத் தமிழில் எழுதட்டும். "பெரியம்மாவுக்கு", "ராஜா மாமா வீட்டுக்கு" என்று பிள்ளை கையெழுத்தில் இருக்கும் பொட்டலத்தை எந்தப் பெரியம்மா மதிக்காமல் போவாள்? மேலே சிவப்பு ராஃபியா கயிறு ஒரு சுற்று. பெருநாள் பொட்டலம் தயார்.

பத்து வீட்டுக் கணக்கு

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெரிய பிடி கலகலா, ஆறு தேங்காய் மிட்டாய், ஐந்து கடலை மிட்டாய் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன அளவுகள் பத்து வீட்டுக்குச் சரியாக வரும். வேண்டிய சாமான் இவ்வளவுதான்: கோதுமை மாவு 1 கிலோ, சீனி ஒன்றேகால் கிலோ, தேங்காய் 5, கடலை அரைக் கிலோ, வெல்லம் 300 கிராம், மார்ஜரின் சிறிய டப்பா 1, எண்ணெய் 1 கிலோ, பால் ஒரு சிறு டின், ஏலக்காய் சிறிது. நம் வீட்டுப் பிள்ளைகள் தின்னும் பங்கைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். அது இந்தக் கணக்கில் அடங்காது!

இதை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுக் கூட்டுங்கள். அடுத்து, கடையில் விற்கும் ஒரு டின் பிஸ்கட்டின் விலையைப் பத்தால் பெருக்கி அதன் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். மிச்சமாகும் தொகையை எடுத்துத் தனி உறையில் போட்டு, மேலே 'பள்ளிச் சப்பாத்து' என்று எழுதி வையுங்கள். தேங்காய் வீட்டு மரத்திலேயே இருந்தால் மிச்சம் இன்னும் கூடும்.

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஒருவர் துருவ, ஒருவர் பிசைய, ஒருவர் சுட என்று பிரித்துக்கொண்டால் ஒரே மாலையில் வேலை முடியும். அடுப்பும் ஒன்று, எண்ணெயும் ஒன்று. மழை காரணமாகப் பெரட்டில் பெயர் போடாமல் திரும்பி வந்த நாளையே இதற்கு வைத்துக்கொள்ளலாம். வீணான நாள் என்று உட்கார்ந்து வருந்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

நாள் வரிசை

டிசம்பர் 10-க்குள் டின், பாட்டில், காகிதம், கயிறு சேர்த்துவிடுங்கள். 14, 15 வாக்கில் கலகலா. 18-க்குப் பிறகு அச்சுமுறுக்கும் கடலை மிட்டாயும். தேங்காய் மிட்டாயை 22 அல்லது 23-ஆம் தேதிக்கு முன் தொடாதீர்கள். 24 மாலை, நள்ளிரவுப் பூசைக்குப் புறப்படும் முன் பொட்டலங்களைக் கட்டி முடித்துவிட்டால், 25 காலையில் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

"வீட்டிலே செஞ்சதைக் கொடுத்தா கொறச்சலா நெனைப்பாங்களே" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலன் பிறந்தபோது பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டு வந்தவர்கள் கீழ்த்திசை ஞானிகள். ஆனால் அவர்களுக்கு முன்பே செய்தி கேட்டு ஓடி வந்தவர்கள், இராத்திரியில் ஆடு காத்துக்கொண்டிருந்த இடையர்கள். அவர்கள் என்ன கொண்டு வந்தார்கள் என்று விவிலியத்தில் எழுதவில்லை. கையில் ஒன்றும் இல்லையென்று யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பவும் இல்லை. இருட்டோடு எழுந்து வேலைக்குப் போகிற நமக்கு அந்த இடையர்கள் அந்நியர்களா?

அடுத்த தீபாவளிக்கு இந்து வீட்டுத் தாய்மாரும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாகு எந்தப் பெருநாளுக்கும் ஒரே பதம்தான். கடன் புத்தகமும் எந்தப் பெருநாளுக்கும் ஒரே புத்தகம்தான்.

தோட்டப்புறக் கிறிஸ்தவக் குடும்பங்கள் அனைவருக்கும் நம் பெருநாள் வாழ்த்துகள்.